டேப் பிரிக்காத பெட்டி

இதைப் படித்துவிட்டு ‘கதை விடுகிறான்’ என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நஷ்டமில்லை. நான் குடிப்பதில்லை. பேய்ப் படம் பார்ப்பதில்லை. இருபது வருஷமாக கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றிப் பிழைப்பவன். கையால் பிடித்துப் பார்க்காத எதையும் நம்பாத ஆள். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். அந்தப் பெட்டி இன்னும் என் பட்டறையில்தான் இருக்கிறது.

முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

என் மனைவிக்கு நான் இரண்டாவது கணவன். முதல் கணவரும் மெக்கானிக்தான். ஆறடிக்கு மேல் உயரம். தொழிலில் எல்லோரும் அவரை நெட்டையண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மத்தியானம் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், திரும்ப எழுந்திருக்கவில்லை. அடுத்த வருஷம் நான் அவளைக் கட்டிக்கொண்டேன். வீட்டோடு ஒட்டிய அந்தப் பட்டறையும் என் பொறுப்புக்கு வந்தது. போர்டில் என் பெயரைப் பெரிதாக எழுதி வைத்தேன். என்ன புண்ணியம்? வருகிறவன் எல்லாம் போர்டுக்குக் கீழேயே நின்றுகொண்டு, “நெட்டையண்ணன் பட்டறை இதுதானே?” என்று கேட்பான்.

வீட்டுக்குள்ளும் அதே கதைதான். என் மனைவி ‘அவர்’ என்று சொன்னால் அது நெட்டையண்ணன். நான் ‘இவர்’. செத்துப்போன மனுஷனோடு சண்டை போட முடியாது. ஜெயிக்கவும் முடியாது. அவருக்குத் தொப்பை விழாது, தலை நரைக்காது, கோபம் வராது. எனக்கு எல்லாம் வரும்.

இதில் அந்தக் கார் வேறு. நெட்டையண்ணன் தன் கையாலேயே கட்டிய கார். எழுநூறு குதிரைச் சக்தி. கையால் கியர் போடும் வண்டி. என் மனைவி ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வருவாள். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாக ஓட்டுவாள். திரும்பி வந்து இறங்கும்போது முகம் பளபளவென்று இருக்கும். “அவர் கை தனிங்க” என்பாள். வாராவாரம் தவறாமல் அதையே சொல்வாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவேன். ஒரே ஒரு தடவை அந்த வார்த்தையை என்னைப் பார்த்துச் சொல்லிவிட மாட்டாளா என்று ஏங்கினேன். இரண்டு வருஷமாக எனக்கு அதுதான் ஆசை.

சந்தர்ப்பம் வந்தது. காரின் கிளட்ச் பெடல் தொளதொளவென்று ஆனது. கீழே எண்ணெய் சொட்டியது. பார்த்தால், கிளட்ச்சுக்குள் இருக்கும் ஹைட்ராலிக் ரிலீஸ் பேரிங் போய்விட்டது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெடலை அமுக்கினால் எண்ணெய் போய் இந்தப் பேரிங்கைத் தள்ளும். பேரிங் கிளட்ச்சை அமுக்கி விடுவிக்கும். அப்போதுதான் கியர் விழும். மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். ஒரு முழு நாள் வேலை.

“அவர் ஆர்டர் பண்ணினது மேல இருக்கே” என்றாள் என் மனைவி.

இருந்தது. அலமாரியின் மேல் தட்டில், டேப் கூடப் பிரிக்காத ஒரு பெட்டி. இந்தக் காருக்கென்று நெட்டையண்ணன் தேடித் தேர்ந்தெடுத்த பேரிங். அது வந்து சேர்ந்தபோது அவர் இல்லை. அவள் அதை யாரையும் தொட விட்டதில்லை.

அதில் பிஸ்டன் சின்னது, பெடல் கல்லு மாதிரி இருக்கும் என்றேன். உனக்கு முட்டி வலி, பெரிய பிஸ்டன் உள்ளதாக நான் ஒன்று வாங்கிப் போடுகிறேன், பெடல் பூப்போல இருக்கும் என்றேன். முட்டி வலி உண்மைதான். ஆனால் அதற்காகச் சொல்லவில்லை என்று எனக்கே தெரியும்.

“அவர் அளந்து பார்த்துதான் வாங்கினாரு” என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதாதா? அன்றைக்கே என் பேரிங்குக்குச் சொல்லிவிட்டேன். பெரிய பிஸ்டனுக்கு எண்ணெய் அதிகம் வேண்டும். பெடலிலிருந்து எண்ணெயை அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டரோ அதே பழைய அளவு. அதனால் பேரிங் தள்ளும் தூரம் குறையும், கிளட்ச் முழுசாக விடாமல் போகலாம். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். பொறாமை பிடித்தவனுக்குக் கணக்கு எப்படியும் ஒத்து வரும்.

சனிக்கிழமை காலையில் பட்டறையைத் திறந்தேன். அந்தப் பெட்டி வேலை மேசையின் நடுவில் இருந்தது.

இவள்தான் எடுத்து வைத்திருக்கிறாள் என்று எனக்கு எரிச்சல். எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் ஆட்டினேன். “எனக்கு அந்தத் தட்டு எட்டாதே” என்றாள். ஸ்டூல் போட்டு ஏறி, பெட்டியைப் பழைய இடத்திலேயே தள்ளி வைத்தேன்.

காரை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, சாயங்காலத்துக்குள் என் பேரிங்கை மாட்டிவிட்டேன். இடைவெளி சரியாக வர அடியில் மூன்று ஷிம் தகடுகள் கொடுத்தேன். முறுக்கிய போல்ட்டின் தலையிலிருந்து பேரிங் உடம்பு வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பது என் வழக்கம். போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். அதையும் இழுத்தேன். கியர்பாக்ஸை ஏற்றினேன்.

அடுத்தது குழாயிலிருந்து ஏர் எடுக்கும் வேலை. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்க, இன்னொருவர் காருக்கு அடியில் படுத்து, ஏர் விடும் திருகில் ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை எண்ணெய்ச் சீசாவில் விட்டு, திருகைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும். மனைவியைக் கூப்பிட்டேன். இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு முழுசாக முன்னால் இழுத்தால்தான் கால் எட்டும்.

“அவர் வாயால சொல்ல மாட்டாரு. அடியில ஸ்பேனரால தட்டுவாரு. ஒண்ணுன்னா அமுக்கணும், ரெண்டுன்னா விடணும்” என்றாள்.

நான் வாயால சொல்றேன் என்றேன்.

முடித்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினோம். பெடல் பூப்போலத்தான் இருந்தது. ரிவர்ஸ் கியரைப் போட்டாள்… கர்ர்ரக்! பல்லோடு பல் உரசியது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் கர்ர்ரக். கிளட்ச் முழுசாக விடவில்லை. அவள் எஞ்சினை அணைத்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குள் போனாள். ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

எனக்கு மானம் போனது. இன்னும் ஏர் இருக்கிறது, அதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடியில் இருந்த ரப்பர் குழாயைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். திருகை இறுக்கினேன். கையைக் கழுவிவிட்டு வந்து, பெடலை ஒரு தடவை அமுக்கிப் பார்க்கலாம் என்று காருக்குள் உட்கார்ந்தேன்.

கால் எட்டவில்லை.

இருக்கை பின்னால் போயிருந்தது. கடைசிப் பல் வரைக்கும்.

இப்போதுதான் அவள் முன்னால் இழுத்து உட்கார்ந்தாள். நான் பார்த்தேன்…

சுவர்க் கடிகாரத்தில் எட்டு பத்து. வீட்டுக்குள் பாத்திரம் கழுவும் சத்தம். இருக்கையின் நுனிக்கு வந்து பெடலில் காலை வைத்தேன்.

டொக்.

என் பாதத்துக்கு நேர் கீழே. இரும்பில் இரும்பு பட்ட சத்தம்.

சூடான இரும்பு ஆறும்போது இப்படிச் சத்தம் வரும். அப்படித்தான் நினைத்தேன். கால் தானாகப் பெடலை அமுக்கியது.

டொக்… டொக்.

விட்டேன்.

இறங்கி, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். காருக்கு அடியில் யாரும் இல்லை. படுத்துக்கொண்டு வேலை பார்க்கும் சக்கரப் பலகை மட்டும் கிடந்தது.

ஆனால்… நான் ஆணியில் மாட்டிய ரப்பர் குழாய் அங்கே இருந்தது. திருகில் செருகப்பட்டிருந்தது. அதன் மறுமுனை எண்ணெய்ச் சீசாவுக்குள் இருந்தது. சீசாவில் குமிழி வந்துகொண்டிருந்தது.

“யாரு தட்டுறா?”

திரும்பினேன். கை ஈரத்தோடு வாசலில் என் மனைவி.

டொக்.

அவள் முகம் மாறியது. பயம் இல்லை. பயந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் நேராக வந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். காருக்குள் ஏறி, இருக்கையை இழுக்காமல், நுனியில் உட்கார்ந்தாள்.

அமுக்கினாள்.

டொக்… டொக்.

விட்டாள்.

டொக்.

அமுக்கினாள்.

நான் அங்கேயே நின்றேன். ஓட வேண்டும் என்று காலுக்குத் தெரிந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு வந்தது பயம் மட்டுமில்லை. இரண்டு வருஷத்தில் என்னோடு ஒரு வேலையும் அவள் இப்படிச் செய்ததில்லை. தட்டு விழுவதற்கு முன்பே அவள் கால் தயாராக இருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடியது. அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. என் பட்டறையில், என் கண் முன்னால், என் மனைவி இன்னொருவரோடு இருந்தாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஒரு தடவைகூட அவள் என் பக்கம் திரும்பவில்லை.

பிறகு…

டொக். டொக். டொக்.

அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

“மூணுன்னா?” என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“முடிஞ்சுது” என்றாள்.

கர்ர்ர்ர்…

சக்கரப் பலகை உருண்டது. காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தது.

மெதுவாக.

ஆள் படுத்திருக்கும் கனத்தோடு…

என் காலருகே வந்து நின்றது.

அதன் மேல் யாரும் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக்குப் போனேன். தரை சரிவு, பலகை உருண்டது. குழாயை நானே மறந்து மாட்டியிருப்பேன். இருட்டில் மனசு எதையாவது கிளப்பும். பகல் வெளிச்சத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் கிடைத்தது. ஸ்டாண்டிலிருந்து காரை இறக்கினேன். ரிவர்ஸ் போட்டேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தது. பெடல் மட்டும் நேற்றையதைவிடக் கொஞ்சம் கனமாகத் தெரிந்தது. ஏர் போனால் பெடல் கெட்டியாகும், அதுதான் என்று விட்டுவிட்டேன்.

அவள் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். இறங்கிக் கதவைச் சாத்தினாள். காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

“உங்க கை தனிங்க.”

முந்தின இரவு நடந்ததெல்லாம் அந்த நிமிஷமே மறந்துபோனது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடுகூட இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அதற்கப்புறம் வாராவாரம் அவள் அதையே சொன்னாள். ‘அவர்’ என்ற பேச்சே வீட்டில் குறைந்துவிட்டது. நெட்டையண்ணன் ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தார் என்று நினைத்தேன்.

ஆறு மாசம் கழித்து ஒருவர் வந்தார். எப்போதும் தொப்பி போட்டிருப்பார். அவரிடமும் அதே மாதிரி கார். அதே பேரிங் போயிருந்தது. எனக்கு உடனே அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. அது வீட்டை விட்டுத் தொலையட்டும். மனைவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “குடுத்துடுங்க” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். எனக்கே ஆச்சரியம்.

ஸ்டூல் போட்டு எடுத்தேன். பெட்டி மேல் விரல் கனத்துக்குத் தூசி. டேப் நாலு பக்கமும் ஒட்டியபடியே இருந்தது. தொப்பிக்காரர் முன்னாலேயே கத்தியால் அறுத்துத் திறந்தேன்.

உள்ளே இருந்தது பெரிய பிஸ்டன் பேரிங்.

எண்ணெய் ஈரம் காயாமல் இருந்தது. அதன் உடம்பில் பாதி மஞ்சள் கோடு. மீதிப் பாதி, பக்கத்தில் கிடந்த போல்ட்டுகளின் தலையில். மூன்று ஷிம் தகடுகளையும் கம்பியில் கோத்து நேர்த்தியாக வைத்திருந்தது.

“பழசா இது?” என்றார் தொப்பிக்காரர்.

பெட்டியை மூடினேன். வேறு வாங்கித் தருகிறேன் என்று அவரை அனுப்பினேன்.

அப்படியானால் இந்த ஆறு மாசமாகக் காருக்குள் இருப்பது எது? இன்றுவரை கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்கவில்லை. அதை இறக்காமல் பேரிங்கைத் தொடவே முடியாது. சத்தமில்லாமல் ஒரு ராத்திரியில் செய்கிற வேலையும் இல்லை. ஏன் இறக்கினீங்க என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் திரும்பி வரும்போது நான் பட்டறைக்குள், அலமாரிக்குப் பின்னால் இருந்தேன். வெளியே வரவில்லை. நான் சந்தைக்குப் போயிருப்பதாக அவள் நினைத்திருந்தாள்.

கார் நின்றது. அவள் இறங்கினாள். கதவைச் சாத்தினாள். கூரையில் கை வைத்துக் குனிந்து, ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள்.

“உங்க கை தனிங்க” என்றாள்.