ஓடாத கேம்

ஸ்டெல்லா போய்விட்டார் என்ற செய்தி, பெட்டாலிங் ஜெயாவில் எங்கள் தொழிற்சாலைக் கேன்டீனில் நான் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய தம்பி வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்பியிருந்தார்: "மணியம் அண்ணே, அக்கா காலைல போயிட்டாங்க." தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். போகப்போகிறார் என்று முன்பே தெரியும். தெரிந்திருந்தது எதற்கும் உதவவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடும்பத்தில் பிறந்தவர், தேவாலயத்தில் பாடியவர் என்று உங்களில் பலர் அவரை அறிவீர்கள். நான் அறிந்தவர், பத்தொன்பது வருடம் என் எதிர் மேசையில் உட்கார்ந்து இயந்திரம் வரைந்த ஸ்டெல்லா. பிஸ்கட் பொட்டலம் கட்டும் எங்கள் இயந்திரத்தில் கேம் என்றொரு எஃகுத் தட்டு உண்டு. முழு வட்டமாக இராது. ஒரு பக்கம் மூக்குப்போல நீண்டிருக்கும். அது சுழலச் சுழல, விளிம்பில் ஓடும் உருளை ஏறி இறங்கி, பொட்டலத்தைத் தள்ளும் கையை அசைக்கும். இரண்டும் தொடுவது ஒரு கோட்டளவுதான். மொத்தப் பாரமும் அங்கேதான் விழும்.

ஒருமுறை அவர் நீண்ட லீவில் இருந்தபோது உருளை எகிறி எகிறிச் சத்தம் போட்டது. நான்தான் புத்திசாலி அல்லவா? உருளையை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றி, இன்னும் விறைப்பான ஒன்றை மாட்டினேன். சத்தம் நின்றது. பாஸ் முதுகில் தட்டினார். ஆறே வாரத்தில் கேமின் மூக்கு அம்மைத் தழும்புபோலக் குழி குழியாகப் பெயர்ந்தது. திரும்பி வந்த ஸ்டெல்லா அளவுக் கருவி எதையும் எடுக்கவில்லை. வழக்கம்போலக் கட்டைவிரல் நகத்தை விளிம்பில் ஓட்டிப் பார்த்தார்.

"சத்தத்த நிறுத்திட்ட, சரி. அந்த அமுக்கு எங்க போய் விழுது, மணியம்? ஸ்டீலுக்கு வாய் இல்ல லா."

பிழை என்னுடையது என்று அவர் ரிப்போர்ட்டில் எழுதவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

கேமை இன்னும் கெட்டியான எஃகில் செய்யலாமே என்றார்கள் மற்றவர்கள். "மொதல்ல பாரத்துக்கு ஒக்கார எடம் கொடுங்க," என்றார் ஸ்டெல்லா. கேமைப் பெரிதாக்கினார், மூக்கின் கூர்மையைத் தணித்தார், உருளையையும் பருமனாக்கினார். ஏற்றம் மெதுவாகத் தொடங்கும்படி வளைவை மாற்றினார். உருளை எகிறாவிட்டால் விறைப்பான ஸ்பிரிங்கும் வேண்டாம். கிள்ளான் பட்டறையில் ஒன்றைச் செய்தும் வாங்கினோம். ஆனால் அது உள்ளே அடங்க இயந்திரத்தின் பெட்டியை அகலமாக்க வேண்டும், லைனை நிறுத்த வேண்டும். "அடுத்த ஷட்டவுன்ல பாத்துக்கலாம் லா," என்றார் பாஸ். அதற்குள் ஸ்டெல்லாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது.

வீட்டுக்குப் பார்க்கப் போகும்போதெல்லாம், "என் கேமைப் போட்டாச்சா?" என்று கேட்பார். ஒருநாள், "போட்டாச்சு, நல்லா ஓடுது," என்று சொல்லிவிட்டேன். உண்மையில், பராமரிப்புக்காக லைனை நிறுத்தும் அந்த ஷட்டவுன் வந்து போயிருந்தது. பெட்டியை யாரும் தொடவில்லை. கேமே இல்லாத புது இயந்திரம் வரப்போகிறது என்றும் சொல்லிவிட்டார்கள். அதை எந்த வாயால் சொல்வது?

"செக் பண்ணக் கழட்டுறப்ப கொண்டா. பாக்கணும்," என்றார்.

மடையன், கொண்டுபோனேன். அலமாரியில் கிடந்ததைத் துடைத்து, கொஞ்சம் எண்ணெயும் தடவி எடுத்துப்போனேன்.

அவர் மடியில் தலையணை வைத்து, அதன்மேல் கேமை வைத்தேன். மெலிந்த கையால் அதைப் பிடித்து, நகத்தை விளிம்பில் ஒரு முழுச் சுற்று ஓட்டினார். உருளை ஓடிய கேமில் பளபளவென்று ஒரு தடம் விழுந்திருக்கும். இதில் பட்டறைக் கல் தீட்டிய கோடுகள் அப்படியே இருந்தன. இத்தனை வருடம் தொழிலில் இருந்தவனுக்கு எண்ணெய் தடவும்போது அது தோன்றவில்லை.

"இது ஓடவே இல்லையே, மணியம்."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இனிமே ஓடுமா?"

"இல்ல, ஸ்டெல்லா."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "எண்ணெய் போட்டு வை, துரு புடிச்சிடும்," என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு மூன்று முறை போனேன். கேமைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. அவர் கேட்காதது எனக்கு இன்னும் வலிக்கிறது.

இப்போது அது என் மேசையில் இருக்கிறது. வாரம் ஒருமுறை எண்ணெய் போடுகிறேன். அவர் போட்ட வளைவு பாரத்தைத் தாங்கியிருக்குமா என்று இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. அதன்மேல் இதுவரை ஓடியது அவருடைய நகம் ஒன்றுதான்.