மரியாதை டீம்

நேற்று சாயங்காலம் கணபதி ஏரியாவில், வழக்கமாகப் போகும் பேக்கரியில், டீயும் முட்டை பப்ஸும் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன். பப்ஸ் தின்றால் சட்டையெல்லாம் தூள் உதிரும். அதனால் முகத்தை முன்னால் நீட்டி, முதுகை வளைத்துத் தின்பது என் பழக்கம். பார்க்க அழகாக இருக்காது என்று மனைவி சொல்லியிருக்கிறாள். அந்தக் கோலத்தில் நிற்கும்போது போனில் ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் என்றைக்கோ அழித்துவிட்ட ஒரு கைப்பேசி விளையாட்டை இந்த மாதக் கடைசியோடு மூடப்போகிறார்களாம். பழைய ஆட்டக்காரர்கள் ஒருமுறை உள்ளே வந்து தங்கள் பூதங்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: நீங்கள் திறக்காத பரிசு ஒன்று இருக்கிறது.

விளம்பரமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் பப்ஸ் பாதியில் நின்றுவிட்டது.

சூடான பப்ஸ் வாசனைக்கும் எனக்கும் ஒரு கணக்கு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பம்ப் கம்பெனியின் தர ஆய்வுப் பிரிவில், எங்கள் கைகளில் எப்போதும் கட்டிங் ஆயில் நாறும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. மத்தியானம் அந்தக் கையோடுதான் பப்ஸ் தின்போம். இன்னொரு கையில் போன். கனகராஜும் நானும். கனகு என்றுதான் கூப்பிடுவேன். எனக்குப் பக்கத்து மேஜை. இரண்டு பேரும் பம்பின் உருளைகளை அளந்து, தேறியதைப் பச்சைத் தட்டிலும் தேறாததைச் சிவப்புத் தட்டிலும் வைக்கும் வேலை. மனிதனைப் பேசாமடந்தை ஆக்கிவிடும் வேலை அது.

முதல் ஒரு வருடம் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். 'ஏனுங்க, அந்த ஸ்கேல எடுங்க', 'இந்தாங்க', அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் ங்க இல்லாமல் பேச்சு நகராது. கைக்குழந்தையையே 'வாங்க கண்ணு' என்று கூப்பிடுகிற ஊர். வெளியூர்க்காரர்கள் கேட்டு உருகிப்போவார்கள். நானும் அதில் கொஞ்சம் கர்வப்பட்டவன்தான். என் அப்பா இன்றைக்கும் என்னை 'வாங்க தம்பி' என்பார்.

கனகு போனில் பூதச் சண்டை விளையாடுவதை ஒருநாள் எட்டிப் பார்த்தேன். பூதங்களைப் பிடித்து, பழக்கி, டீம் கட்டி, எதிராளியோடு மோத வேண்டும். ஜோடி ஆட்டமும் உண்டு. ஆளுக்கு மூன்று பூதம். எந்தப் பூதத்துக்கு வேகம் அதிகமோ அது முதலில் அடிக்கும். அதனால் எல்லாரும் சிறுத்தை மாதிரி, மின்னல் மாதிரி வேகமானவற்றைத் தேடி அலைந்தார்கள். நானும் அலைந்தேன், தோற்றேன். ஒரு மத்தியானம் என் மின்னல் பூதம் முக்கியமான கட்டத்தில் தடுமாறியபோது, கனகு தன்னை மறந்து கத்தினான்: "அடிடா! அடிச்சுப்போடு!"

கத்தியவன் அப்படியே உறைந்துபோனான். "மன்னிச்சுக்கோங்க" என்றான். நான் சிரித்தேன். "டேய், மன்னிப்பு என்னடா மன்னிப்பு" என்றேன். அந்தக் கணத்தில் ஏதோ ஒரு கதவு திறந்தது. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. டா என்று ஒருவன் கூப்பிடுவதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

டீமுக்கு யோசனை கொடுத்தவனும் அவன்தான். "நம்மூர்க்காரன் டீமுன்னா எப்படிடா இருக்கோணும்? நீங்க மொதல்ல அடிங்கன்னு உட்டுக் குடுக்கோணும்" என்றான். அந்த விளையாட்டில் தலைகீழ் மணி என்று ஒரு வித்தை உண்டு. அதை அடித்துவிட்டால் கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் தலைகீழ். மெதுவானது முதலில் அடிக்கும். ஆக, இருப்பதிலேயே மந்தமான ஆறு பூதங்களைப் பிடித்து டீம் கட்டுவது என்று முடிவானது. பெயர் மரியாதை டீம். ஆறுக்கும் ங்க போட்டுத்தான் பெயர் வைக்க வேண்டும் என்பது சட்டம்.

என் மூன்று: வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க. 'வாங்க' எதிரியின் அடிகளையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். 'உக்காருங்க' எதிரியைத் தூங்க வைக்கும். 'சாப்பிடுங்க' கூட்டாளிக்கு உயிர் ஏற்றும். அவன் மூன்று: சொல்லுங்க, இருங்க, போயிட்டு வாங்க. 'இருங்க' எதிரியைக் களத்தைவிட்டு நகர விடாது. 'போயிட்டு வாங்க' நகர மாட்டேன் என்கிறவனைத் தூக்கி வெளியே போடும். 'சொல்லுங்க' கிரைண்டர் கல் மாதிரி ஒரு உருண்டைப் பூதம். மணி அடிப்பது அதுதான். அது சாய்ந்தால் டீமே சாய்ந்த மாதிரி. அதனால் என் 'வாங்க' முன்னால் நின்று அடிவாங்க வேண்டும், பின்னால் அவன் 'சொல்லுங்க' மணி அடிக்க வேண்டும். 'நான் வாங்கறேன், நீ அடிடா' என்பது எங்கள் தாரக மந்திரம்.

மூன்று மாதம் கட்டினோம். நடுவில் எனக்கு ஒரு சபலம். வேகமான கழுகு ஒன்று சிக்கியது. அதைச் சேர்த்தால் நிச்சயம் ஜெயிக்கலாம் என்றேன். கனகு ஒத்துக்கொள்ளவே இல்லை. "மரியாத தெரியாததயெல்லாம் சேக்க முடியாதுடா." சிரித்துக்கொண்டு கழுகை விட்டுவிட்டேன்.

காந்திபுரத்தில் ஒரு கடை மாடியில் ஜோடிப் போட்டி வைத்தார்கள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அன்னூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வா, உட்கார்ந்து பழகலாம் என்று கூப்பிட்டேன். அவனுக்கும் அன்னூர்ப் பக்கம்தான் சொந்த ஊர். அது தெரிந்த அன்று நான் குதித்தேன், அவன் அடுத்த உருளையை எடுத்து அளந்தான். கூப்பிடும்போதெல்லாம் "இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்டா" என்பான். ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கத் தேவையில்லாத வீட்டில் பிறந்தவனுக்கு அந்த யோசனை வராது. அந்த வாரம் விடாமல் நச்சரித்து வரவைத்தேன்.

அப்பா வாசலில் கார் துடைத்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க தம்பி, வாங்க! உக்காருங்க. மொதல்ல சாப்பிடுங்க, அப்பறம் உங்க வெளையாட்டெல்லாம்" என்றார். கனகு என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். என் மூன்று பூதங்களையும் அப்பா வரிசை மாறாமல் களத்தில் இறக்கிவிட்டார்! இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் புரியாமல் அவரும் கூடச் சிரித்தார்.

"தம்பிக்கு எந்தூருங்க?"

கனகு ஊரைச் சொன்னான்.

"அட, நம்ம பக்கந்தான். யாரு ஊடுங்க?"

எங்கள் பக்கத்தில் இதற்கு வீட்டு அடையாளம் கேட்கிறார்கள் என்று அர்த்தமில்லை. என்ன சாதி என்று அர்த்தம். கனகு சிரிப்பை நிறுத்தினான். "பழனிச்சாமி பையனுங்க" என்றான். எந்தத் தெரு என்பதையும் அவனே சொல்லிவிட்டான்.

அப்பா யோசித்தார். முகத்தில் கோபமெல்லாம் இல்லை. தெரிந்தவர்களைக் கண்டுபிடித்த சந்தோஷம்தான் இருந்தது. "அட, நம்ம பழனான் மவனா நீ! அப்புடிச் சொல்லு. உங்கொப்பன் நம்ம மாமன் தோட்டத்துல இருந்தவன்தான. செரி இரு, சாப்பிட்டுப் போ."

சொல்லு. இரு. போ. அவனுடைய மூன்று பூதங்கள்.

இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது. பழனிச்சாமி என் அப்பாவைவிட வயதில் மூத்தவர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்பா திட்டவில்லை, துரத்தவில்லை. அம்மா கறிக்குழம்பு ஊற்றினாள், எங்களோடுதான் உட்காரவைத்தாள். மேலுக்குப் பார்த்தால் ஒரு குறையும் கிடையாது. இரண்டெழுத்து மட்டும் காணாமல் போயிருந்தது. அந்த இரண்டெழுத்து இல்லாமல் எங்கள் வீட்டில் தெருநாயைத்தான் கூப்பிடுவார்கள். 'அப்பா, இவன் என் சிநேகிதன், மரியாதையாப் பேசுங்க' என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு வரி. நான் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தேன். கனகு சொல்வான் என்று நானும், நான் சொல்வேன் என்று அவனும் காத்திருந்தோமோ என்னவோ.

பஸ் ஸ்டாண்டில் என் வண்டியைவிட்டு இறங்கினான். "வாரேனுங்க" என்றான்.

டீம் ஞாபகத்தில் கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்து நான் சிரித்தேன். "போயிட்டு வாங்க!" என்று கையை ஆட்டினேன். அவன் சிரிக்கவில்லை. இவ்வளவு பெரிய மடையன் ஒருவன் இருக்க முடியுமா என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் மேஜையில் உட்கார்ந்ததும், "ஏனுங்க, அந்த ஸ்கேல எடுங்க" என்றான். அவன் கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் காலில் விழுந்தாவது சரிபண்ணியிருப்பேன். மரியாதையாகப் பேசுகிறவனிடம் எங்கே போய் மோதுவது? அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். "அவன எதுக்குங்கப்பா நீ, வா, போன்னு பேசுனீங்க?"

"பின்ன? சின்னப்பையன்தான?" என்றார். சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டு ஐந்து வயதுப் பையனை, "வாங்க கண்ணு, மிட்டாய் வேணுங்களா?" என்று கூப்பிட்டார்.

போட்டிக்குக் கனகு வந்தான். ஒத்துக்கொண்ட வேலையை விடுகிறவன் இல்லை. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தோம். முதல் சுற்றில் எதிராளிகள் பொடியன்கள், சுலபமாகத் தாண்டினோம். இரண்டாம் சுற்றில் இறுக்கமான கட்டம். என் 'வாங்க' முன்னால் போக வேண்டுமா, அவன் 'சொல்லுங்க' துணிந்து எதிரியை அடிக்க வேண்டுமா, சேர்ந்து முடிவெடுத்தால்தான் உண்டு. திரையில் நொடிகள் குறைந்துகொண்டே வந்தன.

"நீங்க சொல்லுங்க" என்றான்.

"இல்ல... நீ..." என்று தொடங்கியவன், அந்த நீ என் வாயில் என் அப்பா குரலில் ஒலித்ததும் மிரண்டுவிட்டேன். "நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

"பரவால்லீங்க, நீங்க சொல்லுங்க."

நேரம் முடிந்துவிட்டது. இரண்டு பேரும் எதையும் அழுத்தவில்லை. எதிராளிகள் இரண்டு பேரும் 'சொல்லுங்க' தலையிலேயே அடியை இறக்கினார்கள். கல் உடைந்து சரிந்தது. பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "என்னங்க, தூங்கிப்போட்டீங்களா?" என்று கேட்டார். மரியாதை டீம் மரியாதையால் தோற்றது என்று சொன்னால் வேடிக்கையாகத்தான் இருக்கும். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் விளையாட்டைப் போனிலிருந்து அழித்தேன். கனகு ஒரு மாதத்தில் ஓசூரில் வேலை கிடைத்துப் போனான். கடைசி நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு என் மேஜைக்கு வந்தான். கொஞ்ச நேரம் நின்றான். போகட்டும், இவனாக ஏதாவது பேசட்டும் என்று நின்றானோ என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். நான் உருளையை அளப்பதுபோலப் பாவனை பண்ணினேன். "வாரேனுங்க" என்றான். "வாங்க" என்றேன். கொஞ்ச காலம் கழித்து அவன் எண் உபயோகத்தில் இல்லை என்றது.

டீ ஆறிப்போய்விட்டது. நேற்று அந்தப் பேக்கரி ஓரத்திலேயே விளையாட்டை மறுபடி இறக்கி உள்ளே போனேன். என் மூன்று மந்தப் பூதங்களும் நிறுத்திவைத்த இடத்திலேயே நின்றன. பக்கத்தில் ஒரு பரிசுப் பெட்டி. அனுப்பியவர் கனகு. அனுப்பிய நாள், அவன் கம்பெனிக்குக் கடைசியாக வந்த அதே நாள்.

திறந்தேன். அவனுடைய கல் பூதம் உருண்டு வந்து நின்றது. டீமுக்கே உயிர் என்றோமே, அதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். பெயரை மட்டும் மாற்றியிருந்தான்.

'சொல்லுடா.'

என் மேஜை முன்னால் வந்து நின்றபோதே இதை அனுப்பியிருந்தானா, நின்று பார்த்துவிட்டு, போகிற வழியில் அனுப்பினானா, தெரியவில்லை. எப்படியிருந்தாலும் அவன் கதவைச் சாத்தவில்லை. நான்தான் போய்த் தட்டவில்லை. பதில் எழுதினேன். 'தப்புடா. அன்னிக்கே பேசியிருக்கோணும்டா.' அனுப்பினேன். அந்தப் பெயரில் இப்போது ஆட்டக்காரர் யாரும் இல்லை என்று வந்தது.

"ஏனுங்க சார், டீ ஆறிப்போச்சுங்களே, வேற போடட்டுங்களா?" என்று மாஸ்டர் கேட்டார். வேண்டாமுங்க என்றேன். அதே கம்பெனியில் இப்போது நான் இன்சார்ஜ். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள்கூட இப்போதெல்லாம் பத்திரிகை வைக்க வந்தால் ங்க போட்டுத்தான் பேசுகிறார்கள். மாதம் முடிய இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. அதுவரைக்கும் அந்தக் கல் பூதம் என் போனில் இருக்கும். அதற்குப் பிறகு என்னை டா போட்டுக் கூப்பிட இந்த ஊரில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள்.