கடிதத்தில் கட்டிய மலைப் பங்களா

இல்லாத ஒரு பங்களாவில் வந்து தங்கும்படி வட இந்தியாவில் பாதிப் பேருக்கு அழைப்பு அனுப்பியவன் நான். சின்ன வயதில் செய்த குறும்பு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், நூலகத்தில் உறுப்பினர் அட்டை எல்லாம் இருந்தன. இல்லாதது பங்களா ஒன்றுதான்.

எழுபதுகளின் கடைசி அது. போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடையில் எனக்குக் கடிதம் எழுதும் வேலை. மலைத் தோட்டக்காரர்களின் காயை முதலாளி விற்றுக் கொடுப்பார். வாங்குகிறவர்கள் கான்பூர், ஜெய்ப்பூர், அமிர்தசரஸ், கல்கத்தா என்று இந்தியப் படம் முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். ஊரே இந்தி எழுத்தின் மேல் தார் பூசிக்கொண்டிருந்த காலத்தில் நான் கதவைச் சாத்திக்கொண்டு தபாலில் இந்தி படித்திருந்தேன். முதலாளிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேலே உள்ளதை என்னிடம் விட்டுவிட்டார். அது அவர் செய்த தவறு.

சரக்கைப் பற்றி எழுத நான்கு வரி போதும். நான்கு வரியில் முடிப்பது என் படிப்புக்கு இழுக்காகத் தோன்றியது. அதனால் கடைசியில், "கோடையில் குடும்பத்துடன் வாருங்கள், எங்கள் மலைப் பங்களா தங்களுக்காகக் காத்திருக்கிறது" என்று சேர்ப்பேன். அவர்களும் பதிலுக்கு, "தாங்களும் குடும்பத்துடன் வாருங்கள், எங்கள் வீடு தங்கள் வீடு" என்று எழுதுவார்கள். வியாபாரக் கடிதத்தில் இந்த வரி மூட்டையைக் கட்டுகிற சணல் மாதிரி. எல்லாக் கடையிலும் உண்டு, யாரும் அதைச் சரக்கு என்று நினைப்பதில்லை. நான் மட்டும் என் சணலில் ஜரிகை சேர்த்தேன். ஒரு வருடம் பங்களாவுக்குத் தாழ்வாரம் வந்தது. அடுத்த வருடம் ரோஜாத் தோட்டம். அதற்கடுத்த வருடம் ஒரு சமையல்காரியையும் வேலைக்கு வைத்தேன்.

என் வரி பொய் என்று எனக்குத் தெரியும். அவர்களுடைய வரி மட்டும் உண்மை என்று எப்படி நம்பினேன் என்பது இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் நம்பினேன். மகளுடைய பள்ளிக்கூட அட்லஸில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். ஜெய்ப்பூர்க்காரர் வீட்டு மாடியிலிருந்து பாலைவனம், அமிர்தசரஸில் கோதுமை வயலுக்கு நடுவே ஒரு வீடு, கான்பூரில் கங்கைக் கரை, கல்கத்தாவில் டிராம். முழுக் கோடை விடுமுறையும் ஊருக்கொரு பங்களா, நிலத்துக்கொரு சாப்பாடு.

என் மனைவி ராசிங்காபுரத்துக்காரி. மதுரையைத் தாண்டிப் போனதில்லை. அவள் அட்லஸைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"நம்ம பாட்டுக்குப் போய் எறங்குனா அவுக என்ன நெனப்பாக?"

"அவங்களேதான் கூப்பிடுறாங்க. இங்க பாரு, எழுதியிருக்கு."

"இந்தியிலல்ல எழுதியிருக்கு. நீங்க வாசிக்கிறதுதான் எனக்கு."

பத்து நாள் போயிற்று. பிறகு ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அவளாகச் சொன்னாள். "எனக்குப் பாலைவனம் கங்கையெல்லாம் பெருசில்லங்க. எவுக வீடாச்சும் இருக்கட்டும். அடுப்புப் பத்த வைக்காம, மூணு வேள உக்காந்த எடத்துல ஒருத்தர் பரிமாறித் திங்கணும். நாலு நாளு. அது போதும்."

அது என்ன பெரிய காரியம், நாற்பது நாள் உட்கார்ந்து சாப்பிடு என்றேன்.

அதன் பிறகு அவள் என்னைவிட வேகமாக நம்பினாள். மலையில் தோட்டம் வைத்திருந்த அவள் அண்ணன் வீட்டிலிருந்து நான்கு கம்பளிச் சட்டைகள் கடன் வாங்கினாள். அடுத்தவர் வீட்டு மெத்தையில் நம் அழுக்கு படக்கூடாது என்று ஆறு விரிப்புகளுக்கு ஓரம் தைத்தாள். இரண்டு டின் முறுக்குச் சுட்டாள். வடக்கே போனால் இதைத்தானே தின்ன வேண்டும் என்று பக்கத்து வீட்டில் கேட்டுச் சப்பாத்தி பழகினாள். முதல் வாரத்துச் சப்பாத்திகள் அட்லஸில் இல்லாத நாடுகளின் வடிவில் இருந்தன. இரண்டாம் மாதம் பூரண சந்திரன். குழாயடியில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

"வடக்கே போறியாமே?" என்று கேட்டவர்களுக்கு, "ஆமா, அவுக யாவாரத்துக்காரக வீட்டுக்கு. ஒரே தொந்தரவு, வா வான்னு" என்பாள்.

நாங்கள் வருகிறோம் என்று நான்கு ஊருக்கும் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். பதில் வரவில்லை. தந்தி வந்தது. கான்பூர்க்காரருடைய தந்தி. என் பழைய அழைப்புகளை ஏற்று, மனைவி மகள்களோடு சனிக்கிழமை போடிக்கு வருகிறாராம், மலைப் பங்களாவில் நான்கு நாள் தங்குகிறாராம்.

முதலாளியிடம் வாசித்துக் காட்டத்தான் வேண்டியிருந்தது.

"பங்களாவா? நமக்கேதுப்பா பங்களா?"

"நம்ம ஸ்டோரத்தான் அவங்க அப்படி எழுதியிருக்காங்க, மொதலாளி."

"என்னமோ. யாவாரி மனசு கோணாம அனுப்பி வையி. ஜீப்ப எடுத்துக்க."

ஸ்டோர் என்பது போடிமெட்டுக்கு மேலே இருந்த காய் உலர்த்தும் கட்டடம். தகரக் கூரை. கீழே விறகு எரிக்கும் அடுப்பு, உள்ளே சூடு ஓடும் பெரிய தகரக் குழாய், அதற்கு மேலே காய் பரப்பும் வலைத் தட்டுகள். கோடையில் காய் கிடையாது என்பதால் காலியாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மனைவியை, பயணத்துக்குக் கட்டி வைத்த மூட்டைகளோடு, கூட்டிப் போய் வாசலில் நிறுத்தினேன். மகள் ராசிங்காபுரத்தில் மாமன் வீட்டில் இருந்தாள். அந்த மட்டும் ஒரு சாட்சி குறைவு.

"இதையா பங்களான்னு எழுதுனீக?" என்றாள். சிரித்தாள்கூட. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "போங்க, வெரசா தண்ணி கொண்டாங்க. வர்றவுக நம்ம வீட்டுக்கு வர்றவுக."

சாயங்காலத்துக்குள் புகைக்கறையைத் தேய்த்துக் கழுவி, பலகைகளை அடுக்கிக் கட்டிலாக்கி, வடக்கே போவதற்காகத் தைத்த விரிப்புகளை அதன்மேல் விரித்துவிட்டாள்.

சனிக்கிழமை ஜீப்பு அவர்களை ஏற்றிக்கொண்டு மேலே வந்தது. கான்பூர் வெயிலுக்குத் தைத்த மெல்லிய துணியில் தாயும் இரண்டு பெண்களும் மூடுபனியில் நடுங்கிக்கொண்டு இறங்கினார்கள். என் மனைவி ஓடிப்போய்க் கம்பளிச் சட்டைகளைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். கான்பூர்க்காரர் தகரக் குழாயை அண்ணாந்து பார்த்தார். "குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க" என்றேன். தலையாட்டினார். காயை மோந்தே அது எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்லக்கூடிய மனிதர். அவர் நம்பிவிட்டார் என்று நான் நம்பினேன்.

அப்போது அவருடைய மனைவி, என் மனைவியைப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்: "கடிதத்தில் எழுதியிருந்தீர்களே, அந்தச் சமையல்காரி இவள்தானா?"

மனைவி என் முகத்தைப் பார்த்துப் புன்னகை செய்தாள், தன்னைப் பற்றி ஏதோ நல்லதாகக் கேட்கிறார்கள் என்று. என் மனைவி என்று சொன்னால் சமையல்காரி எங்கே என்று கேட்பார்கள். ரோஜாத் தோட்டம் எங்கே என்பார்கள். ஒரு செங்கல்லை உருவினால் பங்களா முழுதும் விழுந்துவிடும். "ஆமாம்" என்றேன். அதைச் சொன்ன என் இந்தியில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

நான்கு நாள். விடியுமுன் அடுப்புப் பற்றவைத்து, மூன்று வேளையும் அவள்தான் பரிமாறினாள். அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், நானும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். பூரண சந்திரன்கள் அடுக்கடுக்காக வந்தன. இரண்டு டின் முறுக்கும் காலியானது. ஒருநாள் மத்தியானம் அவள் உரிமையோடு கட்டிலில் போய் அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் எழுந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

அன்று மாலை என்னிடம் சொன்னாள்: "நல்ல மனுசிங்க. நா போய் உக்காரவும் நகந்து எடம் விட்டாக."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தேநீர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

புறப்படும்போது அந்த அம்மாள் ஒரு சேலையை மடித்து அவள் கையில் கொடுத்தார். நம் பக்கத்தில் விருந்தாளிக்குக் குங்குமமும் சேலையும் கொடுத்து அனுப்புவோமே, அங்கே விருந்துக்கு வந்தவர்கள் கொடுப்பார்கள் போல என்று இவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜீப்பு அவர்களை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு எங்களுக்காகத் திரும்பி வந்தது. இறங்குகிற வழியில், காற்றடிக்கிறதே என்றும் பாராமல், சேலையை மடியில் வைத்துப் பிரித்தாள். கரையில் நைந்த இடத்தைத் தைத்திருந்தது. முந்தானையில் மங்கிப்போன மஞ்சள் கறை.

"கட்டுன சேலைங்க இது."

நான் பள்ளத்தாக்கைப் பார்த்தேன்.

"என்னைய யாருன்னு சொன்னீக?"

"பேசாம வா, வளைவு வருது."

டிரைவர் கியரை மாற்றிவிட்டு, ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அண்ணே, நானும் ரெண்டு வருசம் நாக்பூருக்கு லோடு அடிச்சவந்தான், இந்தி புரியும். மதினிகிட்ட நீங்களே சொல்லிருங்க."

சொன்னேன். அவள் சேலையை வந்த மடிப்பிலேயே மடித்தாள். குழாயடியில் என்ன சொன்னாளோ தெரியாது. வடக்கே போவதைப் பற்றி அங்கே யாரும் அதன்பின் கேட்கவில்லை.

மற்றவர்களுடைய பதில்களும் வந்தன. ஜெய்ப்பூர்க்காரர் கோடையில் ஊரில் இல்லையாம். அமிர்தசரஸ்காரர் காயின் பருமனைப் பற்றி மட்டும் எழுதியிருந்தார். கல்கத்தா மௌனம். அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது, சணலைச் சணலாகப் புரிந்துகொண்டவர்கள். அட்லஸ் மகளிடம் திரும்பிப் போனது. சிவப்புக் கோடு என்ன என்று டீச்சர் கேட்டதற்கு, "எங்கப்பா போகாத ஊரு" என்றாளாம். நாங்கள் வடக்கே போகவே இல்லை. நாலைந்து வருடம் கழித்து ராமேஸ்வரம் போனோம். அங்கேயும் சத்திரத்தில் அவள்தான் பொங்கினாள்.

ஆடிச் சாரலில் கான்பூரிலிருந்து என் பெயருக்கே கடிதம் வந்தது. இந்த முறை ஒரு வார்த்தை மாற்றாமல் அவளுக்குத் தமிழில் சொல்வது என்று முடிவு செய்தேன். வாழ்க்கையில் தாமதமாக எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று. அவள் அடுப்படியில் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே வாசித்தேன். "தங்கள் பங்களாவை மறக்க முடியாது. தங்கள் மனைவியைச் சந்திக்க முடியாமல் போனதில் என் மனைவிக்கு மிகவும் வருத்தம். தீபாவளிக்கு அவரை அவசியம் அழைத்து வாருங்கள். கூடவே அந்தச் சமையல்காரியையும் அழைத்து வாருங்கள், அவள் கைச் சப்பாத்தியை மகள்கள் இன்னும் கேட்கிறார்கள்."

அவள் கல்லில் கிடந்ததைத் திருப்பிப் போட்டாள். அது உப்பி எழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எனக்கு ரெண்டு டிக்கெட்டா எடுங்க."