தீப்பிடிக்காத நாள்

எங்கள் ஊர் யல்கூனாவின் நூற்றாண்டு மலரில் ரயில் வந்த கதை இருக்கிறது, தண்டவாளத்தைப் பிடுங்கிய கதை இருக்கிறது, பள்ளிக்கூடம் மூடிய கதைகூட இருக்கிறது. காலின் மாட்சாஸ் மட்டும் இல்லை. அவரைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த பக்கத்தை மலர்க்குழு எடுத்துவிட்டது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இன்னொரு முறை எழுத எனக்குக் கை வலிக்காது.

காலின் கோதுமை விவசாயி. பத்தொன்பது வருடமாகச் சம்பளமில்லாத தீத்தடுப்புப் பொறுப்பாளர். வெயிலும் வடக்குக் காற்றும் சேர்ந்து ஏறும் நாளில் அவர் ரேடியோவில் தடை சொன்னால் அறுவடை இயந்திரங்கள் எல்லாம் நிற்க வேண்டும். இயந்திரத்தின் கத்தி ஒரு கல்லில் உரசிப் பொறி பறந்தால் போதும், ஊர் போய்விடும்.

எங்களுக்கு டிசம்பர்தான் கோடை, அறுவடைக் காலம். அப்படி ஒரு டிசம்பர் நாளில், மறுநாள் ஆலங்கட்டி மழை என்று அறிவித்திருந்தார்கள். காலை பதினோரு மணிக்குக் காலின் தடை சொன்னார். எல்லோரும் திட்டிக்கொண்டே நிறுத்தினார்கள். அவரோடு ஒன்றாகப் படித்த ட்ரெவர் ஹப்பட்ஸ் நிறுத்தவில்லை. அவருக்கு இன்னும் நானூறு ஏக்கர் அறுக்கப் பாக்கி. காலின் தன் வண்டியை அந்த இயந்திரத்துக்கு நேர் முன்னால் நிறுத்திவிட்டு இறங்கி நின்றார்.

"வண்டிய எடுடா. இல்லன்னா அதையும் சேத்து அறுப்பேன்."

"அறுத்துக்கோ. சாவி கைக்கு வராம நகர மாட்டேன்."

"உன் கோதுமை முந்தாநாளே வீடு வந்து சேந்துருச்சுல்ல. நீ ஏன் பேச மாட்ட?"

அது உண்மைதான். காலின் சாவிக்குக் கையை நீட்டினார். ட்ரெவர் சாவியைத் தரையில் வீசினார்.

அன்று எங்கும் ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு ஆலங்கட்டி பத்தே நிமிடம் அடித்தது. ட்ரெவரின் கோதுமை சேற்றில் கிடந்தது.

தீப்பிடித்திருந்தால் காலினைக் கும்பிட்டிருப்பார்கள். பிடிக்கவில்லையே. மதுக்கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றது. கடையில் அவர் மனைவி மார்லீனிடம், ரொட்டியைப் பின்னால் அடுக்கி வைத்துக்கொண்டே, தீர்ந்துவிட்டது என்றார்கள்.

தீத்தடுப்புக் குழுவின் மார்ச் மாதக் கூட்டத்தில் அவரை நீக்கத் தீர்மானம் வந்தது. அத்தனை கையும் உயர்ந்தது. அடுத்து யார் என்று தலைவர் கேட்டார். ஒரு கை எழவில்லை. ட்ரெவரைப் பார்த்தார்.

"எனக்கெதுக்கு? ஊர்ப்பய எல்லாங்கிட்டயும் வசவு வாங்கவா?"

பின்வரிசையில் யாரோ, பழைய ஆளே இருக்கட்டும் என்றார். மறுபடி அதே கைகள் உயர்ந்தன.

"எம் பேரையே எழுதிக்கோங்க," என்றார் காலின். யாரும் கை தட்டவில்லை. பிறகு தேநீர் வரிசையில் அவருக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆள் நிற்கும் இடம் விட்டே நின்றார்கள்.