குறையே இல்லாத ஊர்

மாதக் கடைசி வந்தால் இல்ஹாமுக்கு யாரைக் கண்டாலும் எரிந்து விழத் தோன்றும். தஇஸ் நகரத்தில் ஒரு கிராம மேம்பாட்டு அமைப்பில் கண்காணிப்பு அலுவலர் வேலை அவளுக்கு. மலையூர்களுக்குப் போய், அமைப்பு செய்து கொடுத்ததெல்லாம் எப்படி இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு மாத அறிக்கை எழுத வேண்டும். கேட்பதில் சிரமமில்லை. வருகிற பதில்தான் அவள் உயிரை எடுத்தது.

பனீ ஜாபிர் ஊரில் சூரிய ஒளியில் ஓடும் தண்ணீர் பம்பு படுத்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. பெண்கள் பழையபடி கழுதையை ஓட்டிக்கொண்டு பள்ளத்து ஊற்றுக்கு இறங்கி ஏறினார்கள். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து மேலாளர் நஷ்வானிடம் சொன்னாள்.

"நீ பார்த்தது கணக்குல வராது, இல்ஹாம். ஜனங்க வாயால வரணும். திருப்தி அறுபது சதவீதத்துக்குக் கீழ இறங்கினாத்தான் ரிப்பேருக்குப் பணம் விடுவாங்க. அந்த ஊர் எதுல நிக்குது?"

"நூறுல, உஸ்தாத்."

"அப்புறம் என்ன? சந்தோஷப்படு!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனிதர்களை அவள் பார்த்திருக்கிறாள். இங்கே ஓர் ஊரே கூடி மறைத்தது. இந்த முறை எப்படியும் உண்மையை வாங்கிவிடுவது என்று வண்டியேறினாள்.

முதல் வீடு வர்தாவுடையது. வர்தாவை அவள் காலா என்றுதான் கூப்பிடுவாள், சித்தி முறை. வர்தா அப்போதுதான் தண்ணீர் கேனை இறக்கி வைத்திருந்தாள். முதுகெல்லாம் ஈரம், மூச்சு வாங்கியது. அந்த நிலையிலும் ஏலக்காய் டீயும் சூடான ரொட்டியும் வந்துவிட்டன.

"பம்பு எப்படி இருக்கு, காலா?"

"அல்ஹம்துலில்லாஹ், ரொம்ப நல்லா இருக்கு."

"ஓடுதா?"

"ஓடல."

"ஓடாத பம்பு எப்படி நல்லா இருக்கும்?"

"என்ன மகளே இப்படிக் கேக்கற! எங்கேயோ இருக்கிறவங்க நம்மள நினைச்சு வச்சுக் குடுத்தது. அதைப் போய் நொட்டை சொல்றதா? டீயைக் குடி, ஆறுது."

அடுத்தடுத்த வீடுகளிலும் அதே டீ, அதே பதில். தண்ணீர்க் குழுத் தலைவர் ஷாயிஃப் கன்னத்தில் காத் இலையை அடக்கிக்கொண்டு, "படைச்சவனைத் தவிர வேற யார்கிட்ட முறையிட்டாலும் இழிவும்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பக்கத்து ஊர்ல ஒருத்தன் கிளினிக்கைக் குறை சொன்னான். கிளினிக்கையே மூடிட்டுப் போயிட்டாங்க. உள்ளதும் போகணுமா?"

இல்ஹாமுக்குப் பொறுமை போய்விட்டது. கல்லில் நார் உரித்தது போதும் என்று தெருவில் நின்று கத்தினாள். "ஒரு குறை! ஒரே ஒரு குறை சொல்லுங்களேன்! சொன்னாத்தான் தண்ணி வரும். நேர்ல சொல்ல வெக்கமா இருந்தா, தண்ணித் தொட்டி மேல புகார் நம்பர் எழுதியிருக்கு. போன் பண்ணுங்க, பேரைக்கூடக் கேக்க மாட்டாங்க!"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரி மகளே, பண்றோம்" என்றாள் வர்தா.

திரும்பும் வழியில், நாலைந்து படிவங்களில் தானே 'திருப்தி இல்லை' என்று குறித்துவிடலாமா என்று யோசித்தாள். சொல்லாததைச் சொன்னதாக எழுதக் கை வரவில்லை. அந்த நேர்மையின் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அடுத்த வாரம் நஷ்வான் கூப்பிட்டார். "பனீ ஜாபிர்லேர்ந்து புகார் வந்திருக்கு."

இல்ஹாம் கிட்டத்தட்டக் குதித்துவிட்டாள். "படிங்க, உஸ்தாத்!"

அவர் நிமிரவில்லை. "'பம்பு நல்லா இருக்கு. குடுத்தவங்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுசைத் தரட்டும். கேள்வி கேக்க வர்ற பொண்ணுதான் சரியில்ல. டீயைக் குடிக்காம எழுந்து போகுது. தெருவுல நின்னு கத்துது. வேற ஆளை அனுப்புங்க.'"

ஊரே தாகத்தில் கிடந்தபோது அசையாத அலுவலகத்துக்குப் புகார் என்றதும் இறக்கை முளைத்துவிட்டது. அந்த வாரமே இல்ஹாமைக் கடலோர மாவட்டத்துக்கு மாற்றினார்கள். போகும் முன் அந்த மாத அறிக்கையையும் அவள்தான் முடிக்க வேண்டியிருந்தது. வந்த புகார் ஒன்று, தீர்த்த புகார் ஒன்று, திருப்தி நூறு. பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பினாள். மனசு ஆறாமல் வர்தாவுக்கு போன் போட்டாள்.

"காலா, நீங்களா அப்படிச் சொன்னீங்க?"

"நாங்க எல்லாரும் கூடித்தான் மகளே பேசினோம். நீ அவ்வளவு கெஞ்சினியே, ஒரு குறையாவது சொல்லுங்கன்னு. வெளியாளுங்க குடுத்ததை எப்படிக் குறை சொல்றது? உன்னைன்னா சொல்லலாம். நீ நம்ம வீட்டுப் பொண்ணு."

இல்ஹாமுக்குத் திட்டுவதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்குள் வர்தாவே கேட்டாள்.

"அதான் சொல்லியாச்சே. தண்ணி எப்போ மகளே வரும்?"