பாம்பன் ஐஸ் பெட்டி துபாய் போகிறது

இன்று காலை ராமநாதபுரத்தில் என் ஹார்டுவேர் கடைக்கு ஜெசிந்தா வந்தாள். பாம்பனில் ஒரு ஷெட் போட்டு, மீன்பிடி படகுகளுக்கு ஃபைபர் ஐஸ் பெட்டி செய்கிறவள். படகு கரை திரும்பும்வரை அவள் பெட்டியில் ஐஸ் உருகாது.

“அண்ணே, துபாய் போறேன். பெட்டியப் பாத்த அந்த ஊரு கம்பெனிக்காரவுக அங்கன வந்து தொழில் தொடங்கச் சொல்றாக. இடம், லைசென்ஸ், கரண்டு எல்லாம் ரெடியாம்.”

“ஏன், இங்கன செஞ்சு அனுப்பக் கூடாதா?”

“ஷெட்டுக்குக் கூடுதலாக் கரண்டு கேட்டு நான் அலைஞ்சும் கெடைக்காதது ஒங்களுக்குத் தெரியும்லண்ணே. இருக்குற கரண்ட வச்சு எப்படிப் பெரிய ஆர்டர் எடுக்க?”

தெரியும். அந்த அலைச்சலில் நானும் கூடப் போயிருக்கிறேன்.

“ஒங்கிட்ட வேலை பாக்குற பொம்பளைக?”

அவள் குரல் இறங்கியது. “நாலு பேருக்கும் விசா கேட்டேன். முடியாதுன்னுட்டாக. இன்னும் அவுககிட்டச் சொல்லலண்ணே.”

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “நல்லா இரு தாயி” என்றேன். அவள் போன பிறகு கடையில் உட்காரவே பிடிக்கவில்லை.

நம் மாவட்டத்தில் தொழில் வளரவேண்டும் என்று தினமும் பதிவு போடும் நண்பர்களே, அருமையாகப் பெட்டி செய்யத் தெரிந்த நான்கு பெண்கள் பாம்பனில் இருக்கிறார்கள். முதலாளியாக வர யாராவது ஊரில் மிச்சம் இருக்கிறீர்களா?