புருவம் திருத்துகிறவள் கதை எழுதினால்

புருவம் திருத்துகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: நூலின் ஒரு முனை எப்போதும் நம் பல்லிடுக்கில் இருப்பதால், நாற்காலியில் இருப்பவர் என்ன சொன்னாலும் நாம் குறுக்கே பேச முடியாது.

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், இரண்டு நாற்காலியும் ஒரு கட்டிலும் போட்டு லேடீஸ் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். கூட வேலை பார்ப்பவள் இசக்கி. குத்துக்கல்வலசையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். கை மிருது, வாய் அப்படி இல்லை. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் நான் கதை எழுதுகிறேன். எழுதியதை முதலில் படிப்பதும் இசக்கிதான். இரண்டாம் பக்கத்தைத் தாண்டி அவள் போனதே இல்லை. அவள் கடைசி வரி வரைக்கும் படிக்கிற மாதிரி ஒரே ஒரு கதை எழுதிவிட வேண்டும், அது அச்சிலும் வந்துவிட வேண்டும். என் பேராசை அவ்வளவுதான். உங்களில் யாருக்காவது இதே வியாதி இருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். கதைக்காரிக்கு வேண்டிய குணங்களை வளர்த்துக்கொள்ள நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

பேசாமல் வாங்கிய பேர்

பிறவியிலேயே நான் வாயாடி. யாராவது "எங்க மாமியாரு..." என்று ஆரம்பித்தால், அவர்கள் மாமியார் வாசலைத் தாண்டுவதற்குள் என் மாமியாரைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் நிறுத்திவிடுவேன். அடுத்தவர் கதையைக் கேட்கத் தெரியாதவளுக்குக் கதை எங்கிருந்து வரும்? அந்தக் குணத்தை அடக்கியது நூல்தான்.

சிவகிரியிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்த பெண், போலீஸ்காரரின் மனைவி, சாய்ந்து உட்கார்ந்ததுமே தொடங்கிவிட்டார். ஊர் ஊராக மாற்றல். போன இடமெல்லாம் கல்யாணக் கட்டிலை லாரியில் ஏற்றி இறக்கியதில் ஒரு கால் போய்விட்டது. அதற்குப் பதில் செங்கல் வைத்தார்கள். செங்கல்லை மாமியார் தண்ணீர் டிரம்முக்கு முட்டுக்கொடுக்க எடுத்துக்கொண்டார். என் வீட்டுக் கட்டில் கதை எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. பல்லில் நூல் இருந்ததால் அப்படியே விழுங்கினேன். நான் விழுங்கிய இடைவெளியில்தான் அவர் மீதியைச் சொன்னார். இப்போது இரண்டு பேரும் தரையில்தான் படுக்கிறார்களாம்; படுத்ததும் அந்தச் செங்கல்லை நினைத்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்களாம். நான் குறுக்கே பேசியிருந்தால் அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்திருக்காது. எழுந்து கண்ணாடி பார்த்துவிட்டு, ஒரு வார்த்தைகூடப் பேசாத என்னிடம் அவர் சொன்னது: "நேரம் போனதே தெரியலக்கா. எவ்வளவு நல்லா பேசுதீய!"

வில்லைப் போன்ற புருவம்

என் ஆரம்பகாலக் கதாநாயகிகள் எல்லோருக்கும் பிறை நெற்றி, வில் புருவம், கயல் விழி. எழுதும்போது எனக்கே புல்லரிக்கும். ஒருநாள் இசக்கி படித்துக்கொண்டே வந்தவள் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வர்ணனையில் சொக்கிப்போய்விட்டாள் என்று நினைத்தேன்.

அவள் தாளைக் கீழே வைத்துவிட்டு, வெயிட்டிங் பெஞ்சில் இருந்த நாலைந்து பேரை மெதுவாக ஒரு பார்வை பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒருவருக்கு இடது புருவம் ஏறியிருந்தது. ஒருவருக்கு நடுவில் சின்ன வயதில் விழுந்த வெட்டு. இன்னொருவருக்குப் புருவமே இல்லை, மை மட்டும் இருந்தது. நாள் முழுக்க என் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிற முகங்களை விட்டுவிட்டு எங்கேயோ போய் வில்லைத் தேடியிருக்கிறேன். இசக்கி சொன்னது: "யக்கா, ரெண்டு புருவமும் ஒண்ணுபோல இருக்கவ ஒருத்தியாவது நம்ம கடைக்கு வந்திருக்காளா? வந்திருந்தா நம்ம பொழப்பு என்னாவும்?"

இன்னும் கொஞ்சம் மெலிசு

அப்புறம் எனக்கு வெட்டுகிற பைத்தியம் பிடித்தது. நல்ல கதையில் ஒரு சொல்கூட அதிகம் இருக்கக்கூடாது என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒன்பது பக்கக் கதையை வெட்டி வெட்டி ஒன்றரைப் பக்கமாக்கினேன். அதில் யார் யாருக்கு என்ன வேண்டும் என்பது எனக்கே விளங்கவில்லை. மீதி இருந்ததெல்லாம் ஆச்சரியக்குறி.

அந்த வாரம்தான் செங்கோட்டையிலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். கேரளாவில் கொல்லத்தில் வேலை, ரயிலில் போய் வருகிறவர். "சேச்சி, இன்னும் கொஞ்சம் மெலிசா" என்றார். எடுத்தேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் சும்மா இல்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அதை அவர் சரி என்று எடுத்துக்கொண்டார். முடிந்ததும் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "சேச்சி, இனி எந்த நோயாளியப் பாத்தாலும் 'ஐயோ, இவ்வளவு பெரிய வியாதியா'ங்கிற மாதிரில்லா என் மொகம் இருக்கும்!"

அருவியில் நின்று யோசித்தது

எழுத்தாளர்கள் இயற்கையின் மடியில்தான் எழுதுவார்கள் என்று நம்பிய காலம் ஒன்று உண்டு. சாரல் தொடங்கியதும் கடையை இசக்கியிடம் விட்டுவிட்டுக் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். பக்கத்து ஊர்க்காரிக்கு அருவி ஒன்றும் புதிதில்லை. ஆனால் குளிக்கப் போவது வேறு, கதைக்குக் கரு தேடிப் போவது வேறு அல்லவா? பெண்கள் பக்கத்தில் கூட்டத்தோடு கூட்டமாக இடித்துப் பிடித்து உள்ளே போய், கண்ணை மூடிக்கொண்டு, கருவுக்காகக் காத்து நின்றேன்.

தலையில் சட்டி சட்டியாகத் தண்ணீர் கொட்டியது. யாருடைய முழங்கையோ விலாவில் இடித்தது. ஒரு அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, தன் மகளைப் பார்த்து "செயினப் புடிச்சுக்கோட்டி" என்று கத்திக்கொண்டே இருந்தார். கரு மட்டும் வரவில்லை. விசில் சத்தம் கேட்டது. அது எனக்குத்தான் என்று நான் நினைக்கவில்லை. இரண்டாவது விசிலுக்குப் பின் பெண் போலீஸ் நனைந்தபடியே வந்து கையைப் பிடித்து இழுத்தார். "எம்மா, குளிக்கதுன்னா குளி, யோசிக்கதுன்னா வெளிய போயி யோசி. பின்னால ஆளு நிக்குல்லா!"

கறுக்க வைக்கிற பேஷியல்

கோமதி அக்காவை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர். வயல், வீடு எல்லாம் உண்டு. கணவர் போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், மனைவி எங்கே போகவேண்டும் என்றாலும் பைக்கில் கொண்டுபோய் விடுவார். ஆனால் எப்போது போவது, எப்போது திரும்புவது என்பதையும் அவர்தான் சொல்வார். அக்காவுக்கு ஸ்கூட்டி ஓட்டவேண்டும் என்று ஆசை. அவரோ வேலையில் இருந்த காலமெல்லாம் விபத்து வழக்கு பார்த்தே நொந்தவர். தான் ஓட்டாத இரண்டு சக்கரம் என்று சொன்னாலே ஆஸ்பத்திரிப் பெயர் சொல்வார்.

அதனால் வியாழக்கிழமைதோறும் அக்காவுக்கு எங்கள் கடையில் "பேஷியல்". அவர் வாசலில் இறக்கிவிட்டுப் போனதும், அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்வாசல் வழியாக இசக்கியோடு கிளம்பிவிடுவார். குத்துக்கல்வலசைப் பக்கம் மனை போட்டு, கல் நட்டு, ரோடும் போட்டு, வீடு மட்டும் இன்னும் வராத இடம் இருக்கிறது. ஸ்கூட்டி பழக அதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டிலேயே கிடையாது. ஓட்டிப் பழகுவதற்கான எல்.எல்.ஆர். எடுத்த அன்றைக்கு மட்டும் "முடிக்கு மருதாணி" என்று வீட்டில் சொன்னார். வெயிலில் சுற்றி, புழுதி குளித்து, முழங்காலில் சிராய்ப்போடு திரும்புவார். நான் அவசர அவசரமாக முகத்தைத் துடைத்து அனுப்புவேன். ஒருநாள் கணவர் வாசலில் நின்றபடியே சத்தம் போட்டார். "எம்மா, உள்ள என்னத்தத் தடவி விடுதீய? ஒவ்வொரு பேஷியலுக்கும் அவ ஒரு சுத்து கறுத்துல்லா வாரா!"

தண்ணீரில் விழுந்தவள்

அதை எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. வர்ணனை இல்லை, வெட்டு இல்லை, பார்த்ததை எழுதினேன். இசக்கி நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தாள். இரண்டாம் பக்கம் தாண்டியது. கட்டிலில் ஒருவர் "மருதாணி காஞ்சு போச்சு" என்று முனகினார். அவள் காதில் விழவில்லை. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை பெற்றபோதுகூட அப்படி இல்லை. அப்புறம்தான் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இது அச்சில் வந்தால் கோமதி அக்கா மாட்டிக்கொள்வார். வண்டிச் சாவியை அதற்குப் பிறகு தொடவே முடியாது. என் வாழ்க்கையின் ஒரே நல்ல கதை, அதுவும் என்னுடையது இல்லை.

கதைக்காரியின் சாமர்த்தியத்தைக் காட்டுவோம் என்று மாற்றி எழுதினேன். கோமதியை விசாலாட்சி ஆக்கினேன், எஸ்.ஐ.யைத் தாசில்தார் ஆக்கினேன், ஸ்கூட்டியை நீச்சல் ஆக்கினேன். மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டேன். யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று பெருமையாக நீட்டினேன். இசக்கி பழையபடி இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்திவிட்டாள். "யக்கா, நீச்சல் பழகுதவ தண்ணியிலதான வுழுவா? அவளுக்கு முட்டுல எப்படி தோலு உரிஞ்சிச்சு?"

முகத்தில் பூச்சு இருக்கும்போது

வேறு வழியில்லை, கேட்டுவிட வேண்டியதுதான். வேண்டாம் என்று அக்கா சொன்னால் கிழித்துப் போட்டுவிடுவது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். அன்றைக்கு மழை, வண்டிப் பாடம் கிடையாது. "இன்னைக்காவது நெசமான பேஷியல் போடுவோம்" என்று அக்கா கட்டிலில் படுத்தார். முகத்தில் பூச்சைப் பூசினேன். அது காயும்வரை பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, வெடித்துவிடும். கண்ணில் வெள்ளரித் துண்டு. இதைவிட நல்ல வாசகர் அமையாது என்று கதையைக் கையில் எடுத்துப் படித்தேன்.

கறுத்துப்போகிற பேஷியல் வந்த இடத்தில் அக்காவின் கன்னத்தில் ஒரு கோடு விழுந்தது. எல்.எல்.ஆர். வந்த இடத்தில் பூச்சு பாளம் பாளமாக வெடித்தது. கதையின் கடைசியில், வண்டி ஓட்டப் பழகிவிட்ட அவள் வீட்டுத் தெருமுனை வரைக்கும் ஓட்டி வருவாள். அங்கே இறங்கி, கூட வந்தவளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் நடந்து வீட்டுக்குப் போவாள். அந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். சோகமாக, அடக்கமாக, பத்திரிகையில் வருகிற கதை மாதிரியே இருக்கும். படித்து முடித்தேன். அக்கா வெள்ளரித் துண்டுகளை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "அவள எதுக்குட்டி தெருமொனையில எறக்கி விட்ட? வாசல் வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போவட்டும். நான் நாளைக்குப் போறேன், அதுக்கப்புறம் நீ எழுது."

திரைக்கு வெளியே ஒரு செருமல்

மறுநாள் காலையில் இசக்கியின் வண்டியை வாங்கிக்கொண்டு அக்கா போனார். போனவரிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. நான் ஒருவருக்கு ஒரு புருவத்தை மட்டும் திருத்திவிட்டு "முடிஞ்சுது" என்று அனுப்பப் பார்த்தேன். சாயங்காலம் வாசல் திரைக்கு வெளியே ஒரு ஆண் குரல் செருமியது. எஸ்.ஐ.யின் செருமல் எங்களுக்குத் தெரியும். இசக்கி பின்வாசலைப் பார்த்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனேன்.

அவர் முடியெல்லாம் நனைந்து, நெற்றியில் திருநீறு கரைந்து நின்றிருந்தார். வாசலில் ஹார்ன் கேட்டதும் கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்று வந்து பார்த்தாராம், வண்டியில் மனைவி. ஹெல்மெட் எங்கே என்று கேட்டாராம். மாட்டியிருந்ததைத் தட்டிக் காட்டினாளாம். எல்.எல்.ஆர். எங்கே என்று கேட்டாராம், எடுத்து நீட்டினாளாம். "ஏறுங்க" என்று அவள் சொல்ல, இவர் பின்னால் ஏற, சாரலில் குற்றாலம் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார்கள். வழியில் பார்த்த பழைய கான்ஸ்டபிள் ஒருவர் சல்யூட் வைத்ததைச் சொல்லும்போது மனிதருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்களுக்கும்தான். சிரித்து முடித்துவிட்டு முகத்தைப் போலீஸ் முகமாக வைத்துக்கொண்டார். "நீ கதை எழுதுவியாமே? வேகத்தடையில மெதுவா போவணும்னு ஒரு கதை எழுதும்மா. நான் சொன்னா அவ கேக்கமாட்டேங்கா."

கதை வாசல் வரைக்கும் போய் அச்சிலும் வந்துவிட்டது, முடிவு எழுதத் தெரியாத நான் ஊருக்குள் எழுத்தாளர் என்று பேர் வாங்கிவிட்டேன், முடிவை ஓட்டிக் காட்டியவரோ கையெழுத்துக் கேட்கக்கூட நிற்காமல் எஸ்.ஐ.யைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறார்.